குரல் பிந்தி வந்த சிடி

ஜூன் 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. அருணின் ஜட்டிகளை மானிட்டர் மேல் பரப்பினேன். நல்ல சூடு, சீக்கிரம் காய்கிறது. இவர் பார்த்துவிட்டு ஒரு கத்து. "அது என்ன அடுப்பா?"

செய்ய வேண்டியவை: மூன்றாம் வகுப்பு சயின்ஸ் நோட்டு திருத்த. அருணுக்கு மூக்கு ஒழுகல், சொட்டு மருந்து. குடைக் கம்பி. அப்பாவுக்கு சிடி.

சிடிதான் இந்த வாரத்து வேலை. அருணின் முதல் பிறந்தநாளுக்கு ஈரோட்டிலிருந்து யாரும் வர முடியவில்லை; அப்பா காலில் மாவுக்கட்டு. அன்று எடுத்த வீடியோவை சிடியாக்கி அனுப்ப வேண்டும். அங்கே பக்கத்து வீட்டில் சிடி போட்டுப் பார்க்கும் பிளேயர் வாங்கியிருக்கிறார்களாம். அதைத் தூக்கிவந்து அப்பா கட்டிலுக்கு எதிரே வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெங்களூர் வந்திருக்கும் சித்தப்பா ஞாயிறு மைசூரில் இறங்கி எங்களைப் பார்த்துவிட்டு ஈரோடு பஸ் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தாக வேண்டும்.

இவருக்குக் கம்ப்யூட்டர் பொருத்தி விற்கும் கடையில் வேலை. கடையிலிருந்து சிடி ரைட்டர் ஒன்றை எடுத்துவந்து நம் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறார். அது சிடியில் பதிக்கும்போது மூச்சுக்கூட விடக்கூடாது. "எழுதுது, எழுதுது, நடக்காதே!" நான் எழுதும்போது இந்த மரியாதை யாரும் காட்டியதில்லை.

பதித்தது கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. அப்பா பார்க்கப்போவது டிவியில். டிவியில் ஓடுமா என்று பார்க்க வீட்டிலிருப்பது ஒரே பிளேயர். கீழே. ஓரகத்தி சுமித்ராக்காவுடையது.

எல்லாமே கீழேதான். போன் கீழே. பிளேயர் கீழே. நான் ஸ்கூலுக்குப் போனால் என் பிள்ளையும் கீழே.

இவருடைய அண்ணன் கன்னடப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது இந்த வீட்டில் மாதக்கணக்கில் பேச்சு வார்த்தை இல்லையாம். இப்போது அவள்தான் வீடு. ஜாதகம் பார்த்துக் கட்டிவைத்த தமிழ்ப் பெண் நான் மாடியில். தன் மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபிறகு அவளுக்குப் பொழுது போக என் பிள்ளை. (நேரில் அக்கா, வாங்க, போங்க. இங்கே மட்டும் அவள். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை; சு. போதும்.)

சாயங்காலம் எல்லோரும் கீழே. இவர் சிடியைப் போட்டார். தட்டு உள்ளே போயிற்று. கிர்ர் கிர்ர். டிவியில் NO DISC.

வெளியே எடுத்துத் துடைத்தார். மறுபடி. NO DISC.

"இருக்கிற சிடியை இல்லன்னு சொல்லுதே!" என்றார் பெரியவர் (இவருடைய அண்ணன்). "ஏன்டா ரவி, உன் பிள்ளை அதுக்குள்ள இருக்கானா இல்லியா?"

சு. அவரை அடக்கினாள்: "பாவம், சும்னிரி நீவு. ரவி, நாளைக்கு நோடலாம் பிடு."

அவளுக்குத் தமிழும் கன்னடமும் ஒரே தட்டில் பிசைந்த சோறு. அருண் அவ்வளவு நேரமும் அவள் இடுப்பில். மாடிக்குப் போக நான் கை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சளி, அதான் சிணுங்கறான்" என்றேன். யாரும் கேட்கவில்லை.

அம்மா போன். எடுத்தது சு.தான். "சென்னாகிதீரா அம்மா? காலு எப்படி இருக்கு?" நீள நீளமாகப் பேச்சு, சிரிப்பு. என் கைக்கு வரும்போது அம்மாவின் தொண்டை காய்ந்திருந்தது. "தங்கமாட்டப் பொம்பள கண்ணு உன்ற ஓரவத்தி. ஏங் கண்ணு, என்ற பேரன் பேசறானா?"

"இன்னும் இல்லீங்மா."

பொய். பிறந்தநாளுக்கு மறுநாளிலிருந்தே "பா" என்கிறான். இவர் அதை அப்பாவில் உள்ள பா என்று சிநேகிதர் ஸ்ரீதர் வரைக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று. சு. அது கன்னடப் பா என்கிறாள். கன்னடத்தில் பா (baa) என்றால் வா. "நன்னைக் கூப்பிடறான் ரவி, பா தொட்டம்மான்னு!" தொட்டம்மா என்றால் பெரியம்மா, அவள்.

இதில் எழுதினால் இரண்டும் ஒரே பா. தமிழெழுத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் நான் இல்லை என்பது மட்டும் தெரியும்.


ஜூன் 15, செவ்வாய்

மழை. குடைக் கம்பி இன்றும் மறந்தேன். ஸ்கூலில் இலையின் பாகங்கள். காம்பு, நரம்பு, நுனி. பி.எஸ்ஸி. பாட்டனி மூன்று வருடம் படித்தது இதற்கு.

சிடி ஏன் ஓடவில்லை என்று தெரிந்துவிட்டது. இவருடைய சிநேகிதர் ஸ்ரீதர் (பிறந்தநாளைப் படம் பிடித்த கேமரா அவருடையது) சொன்னாராம். படத்தை அப்படியே ஃபைலாகக் காப்பி பண்ணி வைத்தால் கம்ப்யூட்டருக்குத்தான் புரியும். பிளேயருக்கு விசிடி என்ற தனி வகையில் பதிக்க வேண்டும். அதற்கு வேறு பாஷை. "இதுகூடத் தெரியாம எப்பிடிப்பா கடையில இருக்கே?" என்று ஸ்ரீதர் சிரித்ததை இவரே சொல்லி இவரே சிரிக்கிறார். இவருக்கு வெட்கமே வராது. என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் தூங்கமாட்டேன்.

இன்னொன்று. சிடியில் எழுபத்துநாலு நிமிடம்தான் பிடிக்கும். டேப் தொண்ணூறு. கொஞ்சம் வெட்டியாக வேண்டும். இவர் ஆரம்பத்தை வெட்டினார்: கோலம், வாசலில் செருப்புகள், கரண்ட் போன இருட்டு.

விசிடியாகப் பதித்து சாயங்காலம் கீழே. NO DISC. ஆளைத் தெரியாத மாதிரி டிவி நீலமாக முழித்தது. இந்த முறை தப்பு சிடியிலேயே. அடிப்பக்கம் நீலமாக மின்னும் சிடிகளை அந்த பிளேயர் தொடாதாம். தங்க நிறம், பச்சை நிறம் என்றால் சில சமயம் தொடும். மாப்பிள்ளை வீட்டார் போல.

கெட்டுப்போன சிடி இரண்டு. எறிய விடாமல் சு. வாங்கிக்கொண்டாள். "எசிபேடா, கொடு." கறிவேப்பிலை மரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். காக்கை வராதாம். எங்கள் ஆட்டோக்காரர் ஒன்று கேட்டிருக்கிறார், முன் கண்ணாடியில் கட்ட. அருணின் பிறந்தநாள் குப்பன்ன பார்க் ரோட்டில் ஊர்வலம் போகப்போகிறது.

மத்தியானம் ஸ்கூலிலிருந்து வரும்போது கேட்டைத் திறக்கிறேன், கீழ் ஜன்னலில் இரண்டு தலை. அவள் அவனைக் கம்பியருகே நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டு, "பா அன்னு புட்டா, பா, பா" என்று சொல்லிக்கொடுக்கிறாள். என்னைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. புட்டாவாம். நான் கண்ணா என்றால் திரும்பமாட்டேன் என்கிறான், புட்டா என்றால் திரும்புகிறான். செருப்பை உதறினதில் ஒன்று சுவர் வரை போய் விழுந்தது. நனைந்ததால்தான்.

இவரிடம் சொன்னேன், வீட்டில் தமிழில் பேசினால் குழந்தைக்குக் குழப்பம் வராது என்று. "மைசூர்ல இருந்துக்கிட்டுக் கன்னடம் வேணாங்கறியா?"

அதைச் சொல்லவில்லை. எதைச் சொன்னேன் என்று சொல்லவும் முடியாது.


ஜூன் 16, புதன்

ஓடிவிட்டது! தங்க நிற சிடி. இவர் தேவராஜ மார்க்கெட் பக்கம் எங்கோ அலைந்து வாங்கிவந்தார். டிவியில் எங்கள் ஹால், எங்கள் பலூன், எங்கள் அருண். பெரியவர் கைதட்டினார். சு. ஓடிப்போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள், தியேட்டர் மாதிரி.

ஆனால் ஒரு கோளாறு. ஆரம்பத்தில் தெரியவில்லை. போகப் போகக் குரல் பின்தங்குகிறது. உதடு பேசி முடித்து மூடியபிறகு பேச்சு வருகிறது. டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது நம் கம்ப்யூட்டர் ஈடுகொடுக்க முடியாமல் படத்தை அங்கங்கே விழுங்கிவிடுகிறதாம், குரலை விழுங்குவதில்லையாம். அதனால் படம் முன்னே ஓட, குரல் பின்னே வருகிறது.

கேக் வெட்டி வாயில் வைத்தபிறகு "ஹேப்பி பர்த்டே". பலூன் வெடித்து, எல்லோரும் துள்ளி அடங்கியபிறகு டப். பெரியவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

கடைசிப் பகுதி ஹோளிகே (நம்ம போளி) பரிமாறுவது. இவர் சாப்பிட உட்கார்ந்ததால் அதை எடுத்தது நான். சு. ஒரு கையில் தட்டு, இடுப்பில் அருண். படத்தில் அருண் அவள் தோளில் முகம் புதைத்துக் கிடக்கிறான். அப்போது குரல் வருகிறது, தெளிவாக, அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும்:

"பா."

அதுதான் முதல் தடவை. அன்று யாரும் கவனிக்காதது டேப்பில் மாட்டியிருக்கிறது.

அது முடிவதற்குள் என் குரல்: "தொடாதே!" படத்தில் சரியாக அந்த நேரம் பெரியவர் இரண்டாவது ஹோளிகேக்குத் தட்டை நோக்கிக் கையை நீட்டுகிறார்.

சிரிப்பில் வீடே இடிந்தது. "ஏய் மாலா, எனக்கா சொன்னே?" என்று பெரியவர். "ஒரு ஹோளிகேக்கு இப்பிடி அதட்டலா!" இவர் தரையில் உருண்டார். "அண்ணி, இனிமே அண்ணனுக்கு சுகர் கண்ட்ரோல் மாலா கையில."

எனக்குக் காது சுட்டது. பெரியவரை நான் ஒருமையில் பேசியதே கிடையாது. செத்தாலும் தொடாதே என்று சொல்லியிருக்கமாட்டேன். எப்போது, யாரை, நினைவே இல்லை. "ஐயோ மாமா, இல்லீங்க" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

சிரிக்காதது சு. மட்டும். "பிந்தே போ ரவி. இன்னொரு தபா." இவர் பின்னால் ஓட்டினார். அருண் அவள் தோளில். பா. இன்னொரு முறை. பா.

"நன் தோள்ல படுத்துக்கிட்டு" என்றாள். "மொதல் மாத்து, மொதல் பேச்சு. நன்ன கூப்பிட்டிருக்கான், நான் கேட்கவே இல்ல. எவ்வளவு பாபி நானு." தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் அழும்போது அருண் போய் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். காபி இன்னும் யாரும் குடித்து முடிக்கவில்லை.

சிடி பதிப்பதை இங்கிலீஷில் எரிப்பது என்பார்களாம். இவர் சொன்னார். எனக்கு ரைட்டரே வேண்டாம், வயிறு இருக்கிறது.

அப்பா இதைப் பார்க்கப்போகிறார். அம்மா பக்கத்து வீட்டாரைக் கூட்டிவைத்துக்கொண்டு பார்க்கப்போகிறாள். பேரனின் முதல் பேச்சு, அது கன்னடத்தில், அதுவும் ஓரகத்தி தோளில். தங்கமாட்டப் பொம்பளை.


ஜூன் 17, வியாழன்

வெயில் கொஞ்சம். ஜட்டிகள் காய்ந்தன. அருண் மூக்கு பரவாயில்லை. ராத்திரி நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. இல்லாததற்கும் பயமாக இருக்கிறது.

குரலைச் சரிசெய்ய ஒரே வழி டேப்பை மறுபடி ஏற்றுவது. மொத்தமாக ஏற்றாமல் சின்னச் சின்னத் துண்டாக ஏற்றினால் கம்ப்யூட்டர் விழுங்காது என்று ஸ்ரீதர். கேமராவை மறுபடி வாங்கி வந்தாயிற்று. இவர் கடைக்கு லீவு போட்டு உட்கார்ந்து ஏற்றினார். துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். KOLAM, CAKE, AARATI, HOLIGE.

"எதை வெட்டறது, இந்தத் தடவை நீயே சொல்லு" என்றார். "உங்க வீட்டுக்குப் போறதுதானே."

சொன்னேன்.

வெட்ட: காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது (சு. காலில் போட்டு). ஆரத்தி (தட்டு சு. கையில்). மடியில் வைத்துப் பொட்டு (சு. மடி). ஹோளிகே, முழுக்க.

"அண்ணி வர்ற எடமெல்லாம் போகுதே?"

"எடம் பத்தாதுன்னீங்களே. எங்க வீட்ல பையனைத்தானே பாக்கணும்பாங்க. கோலத்தை வச்சுக்கலாம். நான் போட்டது, அம்மாவுக்குப் பிடிக்கும்."

"பா சொல்றதும் போகுமே?"

"உங்களைத்தானே கூப்பிடறான், நேர்ல கேட்டுக்குங்க."

என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மௌஸைத் திருப்பிக்கொண்டார்.

இதை எழுதும்போது சரியாகத்தான் செய்ததாகத் தோன்றுகிறது. எழுபத்துநாலுக்குள் வர வேண்டும், வந்துவிட்டது. ஒரு குழந்தையின் பிறந்தநாள் சிடியில் அம்மா அதிகம் வருவது என்ன குற்றம்? பத்து மாதம் கீழ்வீட்டில் யாரும் சுமக்கவில்லை.


ஜூன் 18, வெள்ளி

நேற்று ஒன்றை யோசிக்க மறந்துவிட்டேன். வெட்டினதைச் சோதிக்கவும் பிளேயர் அவளுடையதுதான்.

இவர் கடைக்குப் போகும் முன் நான் மட்டும் கீழே போய், சத்தமில்லாமல், கொஞ்சம் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். சு. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியவரையும் கூப்பிட்டாள். "பர்ரீ, புட்டா சினிமா, ஹொசது, புதுசு!" வீட்டில் கட்டாத நல்ல புடவை. தலைக்குப் பூ. சிடி பார்க்கவா பூ?

ஓடியது. குரலும் உதடும் ஒன்றாக. பலூனும் டப்பும் ஒன்றாக. கோலம். கேக். நான். அருண். நான்.

அவள் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு காட்சி மாறும்போதும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். அருணை மடியில் வைத்து அவன் கையைப் பிடித்துத் திரையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். "ஈக பர்த்தாளெ நோடு, இப்போ வருவா பாரு தொட்டம்மா. ஈக."

வரவில்லை.

ஒரு இடத்தில் கேக் தட்டை யாரோ மேஜையில் வைக்கிறார்கள். கை மட்டும், முழங்கை வரை. இவர் வெட்ட மறந்தது.

"அகோ! நன் பளெ!" என்று கத்தினாள். பச்சைக் கண்ணாடி வளையல். "நோடு புட்டா, தொட்டம்மா கை!"

முடிந்துவிட்டது. நீலத் திரை.

பெரியவர்: "ஏய், நீ எங்கடீ? கைய மட்டும் அனுப்பிச்சிட்டு எங்க போயிருந்தே?"

"நான் அன்னிக்கு முழுக்க அடுகெ மனேலதானே இருந்தேன், அல்லவா மாலா?" என்றாள். "அஷ்டு ஜனம். யாரு பரிமாறுவாங்க."

"உன்னை எடுக்கணும்னா கேமரா பெருசா வேணும்டீ" என்றார் பெரியவர்.

"ஹூம், நிம்ம வயிறு மட்டும் சின்ன கேமராக்குள்ள பிடிச்சிதே!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆமாங்க்கா, நீங்க அடுப்படில இருந்தீங்க" என்றேன். என் வாயால் சொன்னேன்.

புதன்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து தன்னைத் திரையில் பார்த்து அழுதவள். மறந்திருக்க முடியாது. எனக்காக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன்டீ என்னை வெட்டினே" என்று ஒரு வார்த்தை. நானும் நாலு வார்த்தை வைத்திருந்தேன். ஒன்றும் கேட்காமல் எனக்கு இரண்டு நீர்த்தோசை சுட்டுக் கொடுத்து ஸ்கூலுக்கு அனுப்பினாள். இதிலும் அவளேதான் ஜெயித்தாள்.

தோசை நன்றாக இருந்தது. என் நீர்த்தோசை கிழியும்.


ஜூன் 19, சனி

அரை நாள் ஸ்கூல். மதியம் அருணைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து தூங்கவைத்தேன். சு. ஜன்னலில் இல்லை இன்று. தலைவலியாம். பெரியவர் சொன்னார்.

இவர் கடையிலிருந்து போன். நான் கீழே போய் எடுத்தேன். சாயங்காலம் கடைசி சிடி பதிக்க வேண்டும், கம்ப்யூட்டரில் இடம் இல்லை. "வெட்டின துண்டையெல்லாம் அழிச்சிடு. பெரிசு HOLIGEதான். அது போனாலே போதும்."

மேலே வந்தேன். அழிக்கத் தெரியும். அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு, ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கலாமே என்று ஓடவிட்டேன். ஏன் என்று கேட்டால், அவள் அழுத இடத்தை அவள் இல்லாமல் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

துண்டாக ஏற்றியது. குரல் பின்தங்காது. அதை நான் யோசிக்கவில்லை.

சு. தட்டோடு வருகிறாள். இடுப்பில் அருண். படம் ஆடுகிறது, என் கை. அருண் தோளில் சாய்ந்திருக்கவில்லை. நிமிர்ந்து நேரே பார்க்கிறான். கேமராவைக்கூட இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே, என் முகத்தை. இரண்டு கையையும் நீட்டி, இடுப்பிலிருந்து விழுந்துவிடுவதுபோல உடம்பு மொத்தமும் முன்னால். வாய் திறக்கிறது.

பா.

உதடும் குரலும் ஒன்றாக.

அந்தப் பா முடிவதற்குள், அதன்மேலேயே, மைக்கை ஒட்டி, என் குரல்.

தொடாதே!

கேமரா அடுத்தவருடையது. எச்சில் கை. ஸ்ரீதர் பத்திரம் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தது. இப்போது நினைவு வந்துவிட்டது. அந்தச் சின்னக் கண்ணாடி வழியே நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவன் வயிற்றைச் சுற்றியிருந்த சு.வின் கையை, அது எவ்வளவு பழகிய கையாக இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிஞ்சுக் கை கண்ணாடிமேல் வந்தது. தொடாதே என்றேன்.

திரையில் அவன் கை மடங்குகிறது. உதடு பிதுங்குகிறது. திரும்பி அவள் தோளில் முகத்தைப் புதைக்கிறான். அதற்கும் பிறகுதான் பெரியவர் ஹோளிகேக்குக் கை நீட்டுகிறார். அப்போது என் குரலே இல்லை. சும்மா நாதஸ்வர கேசட்.

மறுபடி பார்த்தேன். மறுபடி.

பா என்றால் வா. ஜன்னலில் தினமும் நிற்கவைத்து, நான் கேட்டைத் திறக்கும் நேரத்துக்குச் சொல்லிக்கொடுத்தது. கேட்டில் நுழைவது யார்? நான்தானே.

தூங்குகிறவனை எழுப்பிவிட்டேன். எழுப்பக்கூடாது, மூக்கு அடைத்திருக்கிறது. அழுதான். தூக்கினேன். முகத்தைத் திருப்பினான், பிறகு திருப்பவில்லை.

இவர் வந்ததும் காட்டினேன். முதலில், "அடடா, அப்ப அப்பா இல்லியா அது!" பிறகு என் முகத்தைப் பார்த்து, "அந்த ஒரு வார்த்தைய மட்டும் சத்தமில்லாம பண்ணிடலாம்."

முயன்றார். முடியவில்லை. இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று. தொடாதே போனால் பாவும் போகிறது. பா இருந்தால் தொடாதே இருக்கும்.

"அத்தை கேட்டா என்ன நினைப்பாங்க?"

"இருக்கட்டும்."

HOLIGE உள்ளே. ஆரத்தி உள்ளே, பொட்டு உள்ளே, குளிப்பாட்டுவது உள்ளே. வெளியே போனது: என் கோலம். பெரியவர் எல்லோருக்கும் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியது முழுக்க. அதற்கு மட்டும் கொஞ்சமும் வருத்தமில்லை.

கீழே போய்த் தலைவலித் தைலம் இருக்கிறதா என்று கேட்டேன். "எனக்குத்தானே தலைநோவு, உனக்கு ஏன் தைலம்?" என்றாள் சு. "உங்களுக்குத் தேய்க்க" என்றேன். படுத்திருந்தவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். தேய்த்தேன். சிடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓடட்டும், அவளே பார்க்கட்டும். அவளுடையதென்று நினைத்திருக்கும் முதல் வார்த்தை அவளிடமிருந்து போகப்போகிறது. அவள் அழுததை நினைத்தால் சங்கடம். அது எனக்கு என்று நினைத்தால் சந்தோஷம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று, பிரிக்க முடியவில்லை.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன்.

"பேசிட்டானுங்மா."

"அட என்ற சாமி! என்னன்னு கண்ணு?"

"வான்னு."

"ஆரை?"

"என்னையத்தானுங்மா."

"தமிழ்லயா சொன்னான்?"

"இல்லீங்மா. கன்னடத்துல." கொஞ்சம் நிறுத்தி, "அக்கா சொல்லிக்குடுத்தது."

பின்னால் கட்டிலில் சு. தூங்கிவிட்டாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சொல்லிக்கொடுத்தது நானில்லை. இதை எழுதும்போதும் கொஞ்சம் எரிகிறது.


ஜூன் 20, ஞாயிறு

பகலில் எழுதுகிறேன். வேறு வழியில்லை. நேற்றுச் சாயங்காலம் பாதியில் கரண்ட் போய் ஒரு சிடி நாசம். (கறிவேப்பிலைக்கு மூன்றாவது.) இப்போது மறுபடி ஓடுகிறது. தங்க நிறத்தில் கடைசி ஒன்று இதுதான். இவர் சித்தப்பாவை அழைத்துவர பஸ் ஸ்டாண்ட். என்னைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டளைகள்: மௌஸைத் தொடாதே. மிக்ஸி வேண்டாம். தடதடவென்று நடக்காதே. இந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை, நாற்காலியை இழுத்தாலே ஆடும், ஆடினால் போச்சு.

கீழே சு. சித்தப்பாவுக்குச் சமைக்கிறாள். ஹோளிகே வாசனை. என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை. கொஞ்சம் கோபம் இருக்கலாம். இருந்தால் நல்லது.

வெயில். ஜட்டிகள் கொடியில்.

பதிந்தபிறகு கீழே போட்டுப் பார்க்க வேண்டும். எல்லோரும் இருப்பார்கள். தொடாதே வரும்போது பெரியவர் கை நீட்டமாட்டார். யாரும் சிரிக்கமாட்டார்கள்.

இன்னும் பாதிகூட ஆகவில்லை. பச்சை விளக்கு மினுக் மினுக்.

கீழே தூங்கிய அருண் எழுந்துவிட்டான் போல. கீழே சத்தம். மாடிப்படியின் முதல் படியைத் தட்டுகிறான்.

"பா."

சு.வின் குரல்: "அடுப்புல கை இருக்கு புட்டா, பர்த்தீனி, இரு."

"பா! பா!"

"நன்ன அல்லம்மா மாலா, மேல பாத்துக் கூப்பிடறான்! பாரே, வா!"

ரைட்டர் ஓடுகிறது. நாற்காலியை இழுக்காமல் எழ வேண்டும்.